எம்.எஸ். படம் போட்ட நூறு ரூபாய்க் காசு: நினைவு நாணயம் பற்றி ஓர் எளிய விளக்கம்

எம்.எஸ். சுப்புலட்சுமியின் நூற்றாண்டை ஒட்டி 2017 செப்டம்பரில் மத்திய அரசு 100 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களை வெளியிட்டது. செய்தி வந்த கையோடு பேச்சும் கிளம்பியது. “இனிமேல் நூறு ரூபாய் நோட்டு போய்க் காசு வந்துவிடுமா?” என்று ஒரு கேள்வி. “பேங்க்கில் எப்போது கொடுப்பார்கள்?” என்று இன்னொன்று. “இப்போதே நாலு வாங்கிப் போட்டால் பிள்ளை கல்யாணத்துக்கு ஆகும்” என்று மூன்றாவது. யாருக்காக இப்படி ஒரு நாணயம் வந்தாலும் இதே மூன்று பேச்சுதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

மூன்றுமே தப்பு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு காசுக்கு ஒரே ஒரு மதிப்புதான் என்று நினைத்துக்கொள்கிறோம். நினைவு நாணயத்துக்கு மூன்று மதிப்பு உண்டு, ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் கிடையாது. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்த மாதிரி.

## மொய்க் கவரும் அதன்மேல் ஒட்டிய ஒரு ரூபாயும்

கல்யாணத்துக்குப் போகும்போது மொய்க் கவர் வாங்குகிறோம். மேலே ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருக்கும். உள்ளே நூறு ரூபாய் வைத்துக் கொடுத்தால் மொய் நோட்டில் 101 என்று எழுதுவார்கள். அந்தக் கவருக்குக் கடையில் ஐந்தோ பத்தோ கொடுத்திருப்போம். தங்கச் சரிகை மாதிரி அச்சு, பிள்ளையார் படம் எல்லாம் போட்ட கவர் என்றால் இன்னும் கூட. ஆனால் எந்த மொய் எழுதுபவரிடமும் போய், “கவர் பத்து ரூபாய்ங்க, சேர்த்து 110 என்று எழுதுங்க” என்று யாரும் சொல்வதில்லை. காசு ஒரு ரூபாய், அதனால் கணக்கில் ஒரு ரூபாய். கவருக்குக் கொடுத்தது அழகுக்கும் முறைக்கும் கொடுத்த பணம்.

நினைவு நாணயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். காசின் மேல் 100 என்று பொறித்திருப்பது அதன் முக மதிப்பு. அதாவது, இது எவ்வளவு ரூபாய் என்று அரசு சட்டப்படி சொல்லும் எண். காசில் இருக்கும் வெள்ளியையும் செம்பையும் எடை போட்டால் வருவது உலோக மதிப்பு. அரசிடமோ வியாபாரியிடமோ அதை வாங்க நாம் கொடுப்பது விலை. முதல் மதிப்பை நிர்ணயிப்பது சட்டம், இரண்டாவதை வெள்ளிச் சந்தை, மூன்றாவதை வாங்குபவரின் ஆசை. வெள்ளி ஏறினால் முக மதிப்பு ஏறாது. ஆசை குறைந்தால் வெள்ளி குறையாது.

சாதாரணக் காசில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கையில் இருக்கும் 5 ரூபாயை 5 ரூபாய்க்கு வாங்கி 5 ரூபாய்க்குக் கொடுக்கிறோம், உலோகத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. நினைவு நாணயத்தில்தான் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன.

## எது நினைவு நாணயம், எது இல்லை

இந்தியாவில் காசு சம்பந்தப்பட்ட சட்டம் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். குறிப்பிட்ட ஒரு நிகழ்வையோ தருணத்தையோ நினைவுகூர அரசு, அல்லது அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பு, அச்சடித்து, இந்தியப் பண மதிப்பு பொறித்த காசு எதுவோ அது நினைவு நாணயம் என்பது அந்தச் சட்டம் தரும் பொருள். இதில் இரண்டு விஷயம் முக்கியம்: அரசு அச்சடித்திருக்க வேண்டும், ரூபாய் மதிப்பு இருக்க வேண்டும்.

அட்சய திருதியைக்கு நகைக்கடையில் வாங்கும் லட்சுமி காசில் ‘2 கிராம்’, ‘4 கிராம்’ என்று எடைதான் இருக்கும். ரூபாய் இருக்காது. அது நகை, நாணயம் அல்ல. சபாக்களிலும் விழாக்களிலும் பாடகர் முகம் போட்டுக் கொடுக்கும் வட்ட வெள்ளித் தகடும் அப்படித்தான். அது பதக்கம். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது பணம் இல்லை. ‘எம்.எஸ். வெள்ளி நாணயம்’ என்று யாராவது விற்க வந்தால் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது அசோகத் தூண் சிங்கமும், அதன் கீழே ரூபாய்க் குறியோடு எண்ணும் இருக்கின்றனவா என்பதைத்தான்.

சுதந்திர இந்தியாவில் இந்த வழக்கம் 1964-இல் தொடங்கியது. அந்த வருஷம் காலமான நேருவின் முகத்தோடு 1 ரூபாயும் 50 பைசாவும் வந்தன. 1969-இல் காந்தி நூற்றாண்டு. அதற்குப் பிறகு தலைவர்கள், நிறுவனங்கள், கோயில்கள், மாநாடுகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அந்தக் கூட்டத்தில் பாடகர்கள் ரொம்பக் குறைவு.

## ரிசர்வ் வங்கியா, அரசா?

‘ரிசர்வ் வங்கி எம்.எஸ். நாணயம் வெளியிட்டது’ என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் வேலைப் பிரிவினை வேறு. நோட்டு அடிக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு. காசு அடிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு. அடித்த காசை வங்கிகள் வழியாக மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மட்டும் ரிசர்வ் வங்கி செய்கிறது. நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டு ‘தருவதாக உறுதி அளிக்கிறேன்’ என்கிறார். காசில் யார் கையெழுத்தும் கிடையாது, அரசு முத்திரையே போதும். ஒரு ரூபாய் நோட்டு மட்டும் விதிவிலக்கு. அது அரசின் நோட்டு, அதனால் நிதித்துறைச் செயலர் கையெழுத்து இருக்கும். சந்தேகம் இருந்தால் மொய்க்கு எடுத்து வைத்திருக்கும் புது ஒரு ரூபாய் நோட்டைப் பாருங்கள்.

காசு அச்சாகும் இடங்கள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா. நான்கு நாணயச்சாலைகளும் ‘எஸ்.பி.எம்.சி.ஐ.எல்.’ என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகின்றன. காசில் வருஷத்துக்குக் கீழே சின்னதாக ஒரு குறி இருக்கும்: மும்பைக்கு வைர வடிவம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றும் கிடையாது. சென்னையிலும் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது. இன்றைக்குத் தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் மிச்சம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ரூபாய் மதிப்பு பொறித்து, அரசு ஒரு நினைவுக்காக அடிக்கும் காசு நினைவு நாணயம். அடிப்பது அரசின் நாணயச்சாலை. அதற்கு முக மதிப்பு, உலோக மதிப்பு, விலை என்று மூன்று எண்கள்.

## எம்.எஸ். காசைக் கையில் வைத்துப் பார்த்தால்

ஒருவருக்கு நாணயம் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை ஏதாவது ஓர் அமைச்சகத்திடமிருந்தோ அமைப்பிடமிருந்தோ நிதி அமைச்சகத்துக்குப் போகும். ஒப்புதல் கிடைத்தால் அரசிதழில் அறிவிக்கை வரும். அரசின் முறையான, சட்ட வலுவுள்ள அறிவிப்புக்குத்தான் அறிவிக்கை என்று பெயர். வாட்ஸ்அப்பில் வரும் படத்தைவிட இந்த அறிவிக்கையைப் படிப்பது நூறு மடங்கு பயன் தரும். காசின் விட்டம், எடை, எந்த உலோகம் எத்தனை சதவீதம், எந்தப் பக்கத்தில் என்ன எழுத்து என்று எல்லாம் அதில் இருக்கும்.

எம்.எஸ். நூறு ரூபாய்க் காசின் விட்டம் 44 மில்லிமீட்டர், எடை 35 கிராம். நம் பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர், 7.71 கிராம்தான். அதாவது இது நாலரை பத்து ரூபாய்க் காசின் எடை. சட்டைப்பையில் போட்டால் பை தொங்கும். பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். ‘வெள்ளி நாணயம்’ என்று சொல்வது வழக்கம்தான், ஆனால் அதில் பாதிதான் வெள்ளி, மீதிப் பாதி வேறு உலோகம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நினைவு நாணயத்துக்கும் இதே கலவை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காசுக்குக் காசு மாறும்.

ஒரு பக்கம் சிங்கமும், சத்யமேவ ஜயதேயும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் நாட்டின் பெயரும், கீழே ரூபாய்க் குறியோடு 100-உம். மறுபக்கம் எம்.எஸ். முகம், சுற்றிலும் பெயரும் நூற்றாண்டு என்ற வாசகமும், 1916-2016 என்ற ஆண்டுகளும். நினைவு நாணயங்களில் எழுத்து பொதுவாக இந்தியும் ஆங்கிலமும்தான். தமிழ் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்றால் 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயைத் தேடிப் பிடியுங்கள், அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது.

ஓரத்தில் வரிவரியாக 200 பள்ளங்கள். பொன்னும் வெள்ளியும் காசாகப் புழங்கிய காலத்தில், ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு காசை முழு மதிப்புக்கே தள்ளிவிடும் ஆசாமிகள் இருந்தார்கள். வரி போட்ட ஓரத்தைச் சுரண்டினால் உடனே தெரிந்துவிடும். இன்றைக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை என்றாலும் வழக்கம் நிலைத்துவிட்டது.

எம்.எஸ். என்றதும் பலருக்கு அந்த நீலப் பட்டுப்புடவைதான் கண்ணில் வரும். ‘எம்.எஸ். நீலம்’ என்றே ஒரு நிறத்துக்குப் பெயர் வந்துவிட்டது. அப்புறம் இரண்டு பக்க மூக்குத்தி, நெற்றிப் பொட்டு, தலையில் பூ. காசில் நிறம் கிடையாது. உலோகத்தின் மேடு பள்ளமும் அதில் விழும் வெளிச்சமும் மட்டும்தான் செதுக்குபவருக்குக் கிடைக்கும் கருவி. மேடும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் உலோகம் சரியாக ஏறாது, காசுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் வராது. ஓவியரைவிட நாணயம் செதுக்குபவருக்குப் பாடு அதிகம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

## அச்சடிக்கும் விதம்: ப்ரூஃப், யு.என்.சி.

முதலில் முகத்தை மாதிரியாகச் செதுக்குகிறார்கள். இப்போது கணினியிலும் செய்கிறார்கள். அதிலிருந்து எஃகு அச்சு தயாராகும். இதற்கு டை என்று பெயர். காசில் மேடாக இருப்பது டையில் பள்ளமாக இருக்கும். இன்னொரு பக்கம், உலோகத் தகட்டிலிருந்து வெறும் வட்டங்களை வெட்டி எடுப்பார்கள். எழுத்தும் படமும் இல்லாத இந்த வட்டம்தான் பிளாங்க். பிளாங்கை இரண்டு டைகளுக்கு நடுவில் வைத்து எந்திரம் பல டன் அழுத்தத்தில் ஒரே குத்தாகக் குத்தும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் சுற்றி ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். ஓரத்து வரிகள் அந்த வளையத்திலிருந்துதான் பதிகின்றன.

நினைவு நாணயம் வாங்கப் போனால் இரண்டு சொற்கள் காதில் விழும். யு.என்.சி. என்பது புழக்கத்தில் கைபடாத காசு. சாதாரண முறையில் அடித்து, கீறல் இல்லாமல் உறையில் போட்டது. ப்ரூஃப் என்பது தனிக் கவனத்தோடு அடித்தது. டையையும் பிளாங்கையும் மெருகேற்றி, கூடுதல் அழுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை குத்துவார்கள். ப்ரூஃப் காசில் வெறும் பகுதி கண்ணாடி மாதிரி பளபளக்கும், முகம் மட்டும் பனி படர்ந்த மாதிரி மங்கலாகத் தெரியும். சாய்த்துப் பிடித்தால் முகம் தனியாக எழுந்து நிற்பது போல இருக்கும். படத்தில் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது, கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கணும்.

ப்ரூஃபுக்கு விலை கூடுதல். ஆனால் முக மதிப்பு இரண்டுக்கும் அதே 100 ரூபாய்தான். உள்ளே இருக்கும் வெள்ளியும் அதே அளவுதான்.

## எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

முக மதிப்பு எவ்வளவு சம்பிரதாயமானது என்று தெரிய வேண்டுமானால் சில காசுகளின் எண்களைப் பாருங்கள். ரிசர்வ் வங்கிக்கு 75 வயது ஆனபோது 75 ரூபாய்க் காசு. தாகூர் பிறந்த 150-ஆம் ஆண்டுக்கு 150 ரூபாய். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்த 2010-இல் 1,000 ரூபாய். மீராபாயின் 525-ஆம் பிறந்த ஆண்டுக்கு, 2023-இல், 525 ரூபாய். கடையில் 525 ரூபாய்க் காசு கொடுத்துச் சில்லறை கேட்பதை நினைத்துப் பாருங்கள்! அந்த எண் விலைவாசியைப் பார்த்து வைத்ததில்லை. வயதைப் பார்த்து வைத்தது.

1,000 ரூபாய்தான் உச்சம். அதற்கு மேல் மதிப்புள்ள காசு அடிக்க நாணயச் சட்டத்தில் இடமில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்திருக்கும். நூறு ரூபாய்க் காசு வந்ததால் நூறு ரூபாய் நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. நினைவு நாணயங்களில் இரண்டு வகை. 1, 2, 5, 10 ரூபாய் போன்ற வழக்கமான மதிப்பில், வழக்கமான அளவில் அடித்துப் புழக்கத்துக்கும் விடப்படுபவை ஒரு வகை. 75, 100, 150 என்று பெரிய எண்ணோடு, வெள்ளி கலந்து, சேகரிப்பவர்களுக்காக மட்டும் அடிப்பவை மற்ற வகை. இரண்டாம் வகை வங்கிக் கவுண்டருக்கே வருவதில்லை. நாணயச்சாலையில் முன்பதிவு செய்து, அவர்கள் சொல்லும் விலையைக் கட்டி வாங்கணும். அந்த விலை முக மதிப்பைப் போலப் பல மடங்கு இருக்கும். அதில் வெள்ளி, கூலி, பெட்டி, வரி எல்லாம் அடக்கம்.

## பத்து ரூபாய்க் காசுக்கு வந்த சோதனை

சேகரிப்பு வகையில் குழப்பம் வந்தால் நஷ்டம் ஓரிருவருக்குத்தான். புழக்க வகையில் குழப்பம் வந்தபோது தமிழ்நாடே அவதிப்பட்டது. பல ஊர்களில் கடைக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்தார்கள். ‘பத்துக் கோடு போட்டது அசல், பதினைந்து கோடு போட்டது போலி’ என்று வதந்தி. ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது என்று இன்னொன்று. வாங்கிய காசை அடுத்தவர் வாங்கமாட்டாரே என்ற பயத்தில் யாரும் வாங்கவில்லை, யாரும் வாங்காததால் பயம் இன்னும் கூடியது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் நினைவு நாணயங்கள்தான் என்பது பலருக்குத் தெரியாது. பத்து ரூபாய் மதிப்பில் மட்டும் நாடாளுமன்றத்தின் அறுபதாண்டு, கயிறு வாரியத்தின் அறுபதாண்டு, வைஷ்ணோ தேவி கோயில் வாரியம், அம்பேத்கரின் 125-ஆம் பிறந்த ஆண்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தி திரும்பியதன் நூற்றாண்டு, யோகா தினம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். போதாக்குறைக்கு ரூபாய்க் குறியே 2010-இல்தான் அறிமுகமானது, முந்தைய காசுகளில் அது எப்படி இருக்கும்? கடைசியில் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது: இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய்க் காசு வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும்.

செல்லும் என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரையறை உண்டு. ஒரு கடனையோ விலையையோ தீர்க்க ஒருவர் கொடுத்தால் ‘இது பணமில்லை’ என்று மறுக்க முடியாத பணம், சட்டப்படி செல்லுபடியாகும் பணம். காசுக்கு அதில் ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரைதான் அப்படிச் செல்லும். ஸ்கூட்டர் வாங்கப் போய் மூட்டை மூட்டையாகச் சில்லறை கொட்டுபவர்களின் செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். கடைக்காரர் மனமுவந்து வாங்கிக்கொள்கிறாரே தவிர, சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

சுருக்கமாக: படம் புதிதாக இருப்பதால் காசு போலி ஆகிவிடாது. பெரிய எண் இருப்பதால் அது கடைப் புழக்கத்துக்கு வந்ததாகவும் ஆகாது.

## பாடகர்களுக்கு எப்போது இந்த மரியாதை?

எம்.எஸ். 1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில் பிறந்தவர், 2004-இல் மறைந்தார். 1966-இல் ஐ.நா. சபையில் பாடினார், 1998-இல் பாரத ரத்னா பெற்றார். இசைத் துறையிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். மறைந்த அடுத்த வருஷமே அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. நாணயத்துக்கோ நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் நூறு நிறைந்து ஒரு வருஷம் கழித்து, டெல்லியில் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு வெளியிட்டார். கோப்பு நகரும் வேகம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அவருக்கு முன்னால் பேகம் அக்தர். 1914-இல் பைசாபாத்தில் பிறந்த கஜல், தும்ரி பாடகி. 2014-இல் அவருடைய நூற்றாண்டுக்கு 100 ரூபாயும் 5 ரூபாயும் வந்தன. அண்மையில், 2025 செப்டம்பரில், அசாமின் பூபேன் ஹசாரிகாவுக்கு நினைவு நாணயம் வந்தது. பாடிக்கொண்டே வாழ்ந்த மீராபாயையும் இந்த வரிசையில் சேர்க்கலாம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எகிப்து இவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அரபு உலகமே கொண்டாடிய உம் குல்தூம் 1975 பிப்ரவரியில் மறைந்தார். 1976 என்று ஆண்டு பொறித்த வெள்ளி ஒரு பவுண்டுக் காசில் அவர் முகம் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. குரல் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே காசைக் கையில் கொடுப்பதற்கும், நேரில் கேட்டவர்கள் பெரும்பாலும் இல்லாத காலத்தில் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

## சரி, லட்சத்துக்குப் போகுமா?

இணையத்தில் ‘வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு இருக்கிறதா? பத்து லட்சம்!’ என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அது 2012-இல் வந்த நினைவு நாணயம், நம்மில் பலர் தெரியாமலே கடையில் செலவழித்திருப்போம். விளம்பரத்தில் இருக்கும் நம்பரைக் கூப்பிட்டால் முதலில் பாராட்டுவார்கள், அப்புறம் பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று நம்மிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு ஏமாற்றுவது அதிகமானதால், பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

ஒரு காசின் சந்தை விலையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை அடித்தார்கள், எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேருக்கு வேண்டும். வயது தனியாக எதையும் தராது. கோடிக்கணக்கில் அடித்த காசு ஐம்பது வருஷம் ஆனாலும் கோடிக்கணக்கில்தான் கிடக்கும்.

எம்.எஸ். காசுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 கிராமில் பாதி வெள்ளி, ஆக 17.5 கிராம். கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,750 ரூபாய். இன்றைய வெள்ளி விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் சேகரிப்பவரின் ஆசைக்கான விலை. அந்த ஆசை உங்களுக்கு இருந்தால் கொடுப்பதில் தப்பில்லை. வெள்ளிதான் குறி என்றால் வெள்ளிக் கட்டி வாங்குவது மேல்.

முக மதிப்பை உலோகம் தாண்டிவிட்டால் உருக்கி விற்றுவிடலாமே என்று தோன்றும். 1969 காந்தி நூற்றாண்டு 10 ரூபாய்க் காசில் 15 கிராமில் 80 சதவீதம் வெள்ளி. மேலே எழுதியிருப்பது பத்தே ரூபாய், உள்ளே 12 கிராம் வெள்ளி. ஆனால் காசை உருக்குவதும் வெட்டுவதும் நாணயச் சட்டப்படி குற்றம், ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

## வாங்குவதாக இருந்தால்

புதிதாக அறிவித்த நாணயம் என்றால் எஸ்.பி.எம்.சி.ஐ.எல்.லின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யலாம். பதிவு சில நாட்களுக்குத்தான் திறந்திருக்கும், காசு கைக்கு வர மாதங்கள் ஆகலாம். பொறுமை வேண்டும். பதிவு முடிந்துபோன எம்.எஸ்., பேகம் அக்தர் காசுகளுக்கு நாணயக் கண்காட்சிகளும் வியாபாரிகளும்தான் வழி. அங்கே போகும்போது அறிவிக்கையில் உள்ள எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொண்டு போங்கள், கூடவே ஒரு சின்னத் தராசு. போலிகள் பெரும்பாலும் எடையில்தான் மாட்டிக்கொள்ளும்.

வாங்கிய பிறகு செய்யக்கூடாத முதல் காரியம் துலக்குவது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் விபூதியும் போட்டுப் பளிச்சென்று ஆக்குகிற கை, வெள்ளிக் காசு கறுத்ததும் சும்மா இருக்காது. காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுப்பது இயல்பு, அதனால் சேகரிப்பவர்கள் மதிப்பைக் குறைப்பதில்லை. தேய்த்த கீறலைப் பார்த்தால்தான் குறைப்பார்கள். ப்ரூஃப் காசின் கண்ணாடிப் பரப்பில் விரல் ரேகை பட்டால் நாளாக ஆக அது தழும்பாகவே நின்றுவிடும். ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், முடிந்தால் உறையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். நாணயச்சாலை கொடுத்த பெட்டியையும் பில்லையும் காசோடு சேர்த்தே வையுங்கள். பிற்பாடு விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.